நாடு, மாநிலம், அரசு: இறையாண்மையைச் சுட்டும் தமிழ்ச் சொற்களின் பொருளும் வழக்கும்

மலேசியத் தமிழ்ப்பள்ளி மாணவர் அனைவரும் மனனம் செய்திருக்கும் ஒன்று ருக்குன் நெகாரா. 1970ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் அறிவிக்கப்பெற்ற இக்கோட்பாட்டின் பெயரிலுள்ள 'நெகாரா' என்னும் மலாய்ச் சொல்லைத் 'தேசிய' எனப் பெயர்த்துத் 'தேசியக் கோட்பாடு' என்கிறோம். அதன் இரண்டாம் கூறு மன்னருக்கும் நெகாராவுக்கும் செலுத்தவேண்டிய விசுவாசத்தைப் பற்றியது. அங்கே அதே சொல் 'நாடு' ஆகிவிடுகிறது. பேங்க் நெகாரா என்னும்போது மொழிபெயர்ப்பே வேண்டாம் என்று விட்டுவிடுகிறோம். ஒரே சொல்லுக்கு ஏன் இத்தனை வழி என்று ஒரு மாணவர் கேட்பாரானால், 'அப்படித்தான் வழக்கு' என்பதைத் தவிர வேறு விடை நம்மில் பலரிடம் இருப்பதாகத் தெரியவில்லை.

வழக்கு என்பது தமிழிலக்கண மரபில் எளிதாகத் தள்ளத்தக்கதன்று. ஆயினும் இங்கே வழக்கின் பின்னால் ஓர் உண்மையான சிக்கல் இருக்கிறது. தன் எல்லைக்குள் தனக்கு மேல் வேறோர் அதிகாரத்தை ஏற்காத அரசியல் அமைப்பை, அதாவது நிலம், மக்கள், ஆட்சி, பிற அமைப்புகளோடு உறவுகொள்ளும் தகுதி ஆகிய நான்கையும் ஒருங்கே உடைய சட்ட உருவை, முழுமையாகச் சுட்டும் தனிச்சொல் தமிழில் இல்லை. இந்நான்கு கூறுகளை வகுத்துக் கூறியது 1933ஆம் ஆண்டின் மாண்டிவிடியோ ஒப்பந்தம். தமிழில் 'நாடு' என்றால் நிலம் முன்னிற்கிறது. 'அரசு' என்றால் ஆட்சி முன்னிற்கிறது. 'தேசம்' என்றால் மக்களின் உணர்வு முன்னிற்கிறது. எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும் ஒரு கூறு முன்னே வர, மற்றவை பின்னே போகின்றன. இத்தேர்வு சில இடங்களில் பொருளையே மாற்றிவிடுகிறது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'நாடு' வளர்ந்த கதை

சங்கப் பாடல்களில் 'நாடு' என்பது முதன்மையாகத் திருத்தி உழப்பட்ட நிலம். காட்டுக்கு எதிர்ச்சொல்லாக அது நிற்பதை ஒளவையார் பாடிய புறநானூற்று 187ஆம் பாடலில் காணலாம். நிலம் நாடாயினும் காடாயினும், மேடாயினும் பள்ளமாயினும், அங்கு வாழும் ஆடவர் நல்லவராயின் நிலமும் நன்றாகும் என்பது அப்பாடலின் கருத்து. இங்கே நாடு எல்லையும் கொடியும் உடைய அரசியல் அமைப்பன்று, விளைநிலமும் குடியிருப்புமே. அதே காலத்தில் சோழநாடு, பாண்டிநாடு, சேரநாடு என வேந்தரின் ஆளுகைப் பரப்பையும் அச்சொல் குறித்தது. ஒரு சொல் இரு அளவில் வழங்கியது என்க.

திருக்குறளில் நாட்டுக்கென்று ஓர் அதிகாரமே (74) உண்டு. குறையாத விளைவும் தக்க சான்றோரும் கேடிலாச் செல்வரும் சேர்ந்ததே நாடு என்று அது தொடங்குகிறது. நாடிச் சென்று வருந்தாமலே வளந்தருவதுதான் நாடு என்று, பெயராகவும் வினையாகவும் நின்ற ஒரே வடிவத்தை வைத்து வள்ளுவர் சொல்விளையாட்டும் நிகழ்த்துகிறார். நமக்கு வேண்டியது அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் (740). இவ்வளவும் அமைந்திருந்தும் வேந்தனோடு பொருத்தம் இல்லையாயின் அந்நாட்டால் பயனில்லை என்கிறது அது. அதாவது வேந்து வேறு, நாடு வேறு. வேந்தனின்றியும் நாடு நாடாகவே இருக்கும், பயன்தான் இராது. ஆளும் உரிமை 'நாடு' என்ற சொல்லின் பொருளுக்குள் அடங்கியதன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான பழஞ்சான்று தேடவேண்டியதில்லை.

வடமொழி மரபோடு ஒப்பிட்டால் இது மேலும் விளங்கும். கௌடலீயத்தின் அர்த்தசாத்திரம் அரசின் உறுப்புகளை ஏழாக எண்ணி, அரசனையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறது. சனபதம், அதாவது நாட்டுப்பரப்பும் அதன் மக்களும், மற்றோர் உறுப்பு. வள்ளுவரோ இறைமாட்சி அதிகாரத்தில் படை, குடி, கூழ், அமைச்சு, நட்பு, அரண் என ஆறினை எண்ணி, அவற்றை உடையவனாக அரசனைத் தனியே நிறுத்துகிறார். அவ்வாறனுள் 'நாடு' இல்லை. பரிமேலழகர் இதனைக் கண்டு, குடி என்றது அக்குடியை உடைய நாட்டினை என்று உரை வகுத்தார். உரையாசிரியருக்கு அது ஒரு சிறு பொருத்தம். நமக்கோ நிலத்தைச் சொல்லாமல் மக்களைச் சொன்ன ஒரு பட்டியலாக அது படுகிறது.

சோழர் கல்வெட்டுகளுக்கு வந்தால் 'நாடு' மிகச் சிறியதாகிவிடுகிறது. பல ஊர்கள் சேர்ந்தது நாடு. நாடுகள் பல சேர்ந்தது, முதலாம் இராசராசன் காலத்தில் ஏற்பட்ட பிரிவான வளநாடு. அதற்கு மேல் மண்டலம். வென்ற இலங்கைப் பகுதிக்கு மும்முடிச் சோழ மண்டலம் என்றும், தொண்டை மண்டலத்திற்குச் செயங்கொண்ட சோழ மண்டலம் என்றும் பெயரிட்டபோது, 'நாடு' என்ற சொல் அங்கே வேண்டப்படவில்லை. நாட்டின் பெரியோர் நாட்டார் எனப்பட்டனர்; வணிகரின் அவை நகரம் எனப்பட்டது. நாடு என்பது மன்னன் வகுத்த நிருவாகப் பிரிவா, உழவர் தாமே கட்டிய உறவுவட்டமா என்னும் வினா வரலாற்றறிஞரிடையே பெரிய விவாதமாயிற்று. சுப்பராயலு 1973இல் வெளியிட்ட சோழர் அரசியல் நிலவியல் ஆய்வில் நாடுகளை ஒவ்வொன்றாக இனங்கண்டு வரைபடமாக்கினார். பர்ட்டன் ஸ்டெயின் 1980இல் எழுதிய நூலில் நாடுகளே உண்மையான அதிகார மையங்கள் என்றும், சோழப் பேரரசு அவற்றின் மேல் சடங்குநிலை மேலாண்மை மட்டுமே கொண்டிருந்தது என்றும் வாதிட்டார். நொபொரு கராசிமா உள்ளிட்டோர் இதை ஏற்கவில்லை. கல்வெட்டுகளில் காணப்படும் வரிகளும் அதிகாரிகளும் வலுவான மைய ஆட்சியைக் காட்டுகின்றன என்றனர். அவ்விவாதத்தின் முடிவு எதுவாயினும், சோழர்காலத் தமிழர் ஒருவரிடம் 'உமது நாடு எது' என்று கேட்டிருந்தால், சோழப் பேரரசைச் சொல்லாமல் நாலைந்து கல் தொலைவுக்குள் அடங்கும் ஒரு பெயரை அவர் சொல்லியிருக்கக்கூடும். இன்று அதே கேள்விக்குக் கடவுச்சீட்டின் மேலட்டையில் உள்ள பெயரே விடை.

சுருங்கிய 'மாநிலம்'

'மாநிலம்' நேர் எதிர்த்திசையில் சென்றது. நற்றிணையின் கடவுள் வாழ்த்தில் இந்த மாநிலமே திருமாலின் திருவடியாகக் கூறப்படுகிறது. மா என்பது பெரிது. மாநிலம் என்பது உலகம் முழுவதும். பிற்கால இலக்கியங்களிலும் அப்பொருளே தொடர்ந்தது. இந்திய அரசியலமைப்பு 1950இல் நடைமுறைக்கு வந்தபின், பழைய 'மாகாணம்' மெல்ல வழக்கொழிய, அவ்விடத்திற்கு 'மாநிலம்' வந்தது. மலேசியத் தமிழும் அதனை ஏற்றது. உலகம் முழுவதையும் குறித்த சொல் இன்று பெர்லிஸுக்கும் பொருந்துகிறது. உழவர் சிலரின் ஊர்வட்டத்தைக் குறித்த சொல் ஐக்கிய நாடுகள் சபையின் 193 உறுப்பினர்களையும் குறிக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று கடந்து, எதிரெதிரே சென்றுவிட்டன.

இவ்விரு சொற்களும் ஒரே பெயரில் சந்திக்கும் இடம் 'தமிழ்நாடு மாநிலம்'. பெயரில் நாடு, தகுதியில் மாநிலம். இப்பெயரைக் கோரி உண்ணாநோன்பிருந்த சங்கரலிங்கனார் 1956 அக்டோபரில் உயிர்நீத்தார். சென்னைச் சட்டமன்றம் 1967 ஜூலை 18இல் பெயர்மாற்றத் தீர்மானத்தை நிறைவேற்ற, 1969 ஜனவரி 14 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலத்திலும் 'நாடு' மொழிபெயர்க்கப்படாமல் ஒலிபெயர்க்கப்பட்டதைக் கவனிக்கவேண்டும். 2023 ஜனவரியில் அம்மாநில ஆளுநர் ஆர்.என். ரவி, 'தமிழகம்' என்ற சொல்லே பொருத்தமானது எனப் பேசியபோது எழுந்த கடும் எதிர்ப்பும், பெயரை மாற்றவேண்டும் என்று தாம் கூறவில்லை என அதே மாதத்தில் அவர் அளித்த விளக்கமும் நினைவிருக்கலாம். 'நாடு' என்றாலே இறையாண்மை என்ற இன்றைய பொருளைப் பழஞ்சொல்லின் மேல் ஏற்றிப் படித்ததால் வந்த கலக்கம் அது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. மகாராட்டிரத்தின் பெயரிலும் 'இராட்டிரம்' இருக்கிறது. இந்தியில் நாட்டுத் தலைவரின் பதவிப்பெயரில் உள்ளதும் அதே சொல்தான். அதைக் குறித்து எவரும் ஐயுறக் காணோம்.

தமிழகத்தைப் பற்றிப் பேசும்போது நம் அண்டையில் உள்ள ஒரு பெயரை மறந்துவிடுகிறோம். நெகிரி செம்பிலான் என்றால் ஒன்பது நெகிரிகள் என்று பொருள். அதுவே இன்று ஒரு நெகிரி. ஆகவே அதன் ஆட்சியை முறைப்படி எழுதும்போது மலாயில் 'நெகிரி' என்ற சொல் இருமுறை அடுத்தடுத்து வருகிறது. முதலாவது இன்றைய மாநிலத் தகுதி. இரண்டாவது பழைய சிற்றாட்சி. 'தமிழ்நாடு மாநிலம்' என்பதற்கு இதைவிட நெருங்கிய உடன்பிறப்பு கிடைப்பதரிது.

நெகாராவும் நெகிரியும்

மலாயில் இவ்விரு சொற்களும் 'நகர', 'நகரி' என்னும் வடசொற்களிலிருந்து வந்தவை. தமிழில் நகரம் ஊராகவே நின்றுவிட, மலாயில் அது ஆட்சியாக விரிந்தது. ஆற்று முகத்துவாரத்தில் அமைந்த துறைநகரே அரசாக இருந்த தீவக உலகில் இவ்விரிவு இயல்பானதே. நெடுங்காலம் நெகிரி என்பதே ஒரு மன்னனின் ஆட்சிப்பரப்புக்குரிய பொதுச்சொல்லாக இருந்தது. நெகாரா மேலே, நெகிரி கீழே என்ற இன்றைய படிநிலை, கூட்டமைப்புகள் உருவான இருபதாம் நூற்றாண்டில் இறுகியது.

அப்படிநிலை அப்போதும் சீராக இருக்கவில்லை. சிங்கப்பூர் 1959இல் உள்நாட்டுத் தன்னாட்சி பெற்றபோது அதன் தலைவருக்கு யாங் டி பெர்துவான் நெகாரா என்ற பதவிப்பெயர் வழங்கப்பட்டது. யூசோப் இஸ்ஹாக் அப்பதவியை ஏற்றபோது சிங்கப்பூர் இறையாண்மை பெற்றிருக்கவில்லை. ஆயினும் பெயரில் நெகாரா இருந்தது. 1963 செப்டம்பர் 16இல் மலேசியாவின் ஓர் அங்கமான பின்னும் அப்பெயர் நீடித்தது. 1965 ஆகஸ்டு 9இல் பிரிந்து உண்மையிலேயே இறையாண்மை பெற்றபின், அப்பதவி அதிபர் பதவியாக மாறி, பெயரிலிருந்து நெகாரா போய்விட்டது! சொல்லும் தகுதியும் ஒருசேர நடப்பதில்லை என்பதற்கு வரலாறு தந்த எடுத்துக்காட்டு இது.

சபாவிலோ சொல் மாறியது. மாற்றத்தின் பொருள் இன்றும் விவாதிக்கப்படுகிறது. 1963இல் அதன் தலைவர் யாங் டி பெர்துவா நெகாரா. 1976இல் அது யாங் டி பெர்துவா நெகிரி ஆயிற்று. கூட்டரசு அரசியலமைப்பின் முதற்பிரிவு திருத்தப்பட்டு, சபாவும் சரவாக்கும் பதின்மூன்று மாநிலங்களின் ஒரே வரிசையில் வைக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். 2021 டிசம்பரில் நாடாளுமன்றம் அப்பிரிவை மீண்டும் 1963ஆம் ஆண்டின் வகுப்பை ஒட்டி மாற்றியமைத்தது. மலாயா மாநிலங்கள் ஒரு தொகுதி, போர்னியோ மாநிலங்கள் மற்றொரு தொகுதி. நெகாராவுக்கும் நெகிரிக்கும் எழுத்தளவில் வேறுபாடு சிறிது. ஓர் உடன்படிக்கையின் நினைவு அதற்குள் இருக்கிறது. தமிழ் நாளேடுகளில் இரண்டு பதவிப்பெயர்களும் 'ஆளுநர்' என்றே வந்ததால், தமிழில் மட்டும் படித்தவருக்கு ஏதேனும் மாறியதாகவே தெரிந்திராது. இதனை மொழிபெயர்ப்பாளரின் குற்றமாகச் சொல்வதற்கில்லை. தமிழின் நாடு/மாநிலம் என்ற இணை ஒலியால் தொடர்பற்றது. நெகாரா/நெகிரி இணை ஒரே வேரின் இரு கிளை. அந்த நெருக்கத்தைத் தமிழுக்குக் கொணர வழியில்லை. வகுப்பறையில் மலாய்ச் சொல்லையே தமிழெழுத்தில் எழுதிக் காட்டிவிடுவது நல்லது.

'தேசிய' ஏன் வந்தது?

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இங்கே விடை காணலாம். நெகாரா பெயராக வரும்போது 'நாடு' என்கிறோம். அடையாக வரும்போது 'தேசிய' என்கிறோம். காரணம், 'நாட்டு' என்ற அடைக்குத் தமிழில் வேறு வேலை ஏற்பட்டுவிட்டது. நாட்டுக்கோழி, நாட்டு மருந்து, நாட்டுச் சர்க்கரை, நாட்டுப்புறப் பாடல் என்பனவற்றில் அது உள்ளூருக்குரியது, பண்படுத்தப்படாதது, நாட்டுப்புறத்தது என்று பொருள்படும். சோழர்காலத்துச் சிறிய நாடு இந்த அடைமொழியில் இன்றும் உயிரோடிருக்கிறது என்றே சொல்லவேண்டும். ஆகவே நாட்டு நூலகம், நாட்டு அருங்காட்சியகம் என்றால் காதுக்கு ஒவ்வவில்லை. தேசிய நூலகம், தேசிய அருங்காட்சியகம் என்கிறோம். நாட்டுப்பண், நாட்டுப்பற்று, நாட்டுடைமை ஆகியவை தனித்தமிழ் முயற்சியால் நிலைபெற்ற விலக்குகள்.

இதனால் ஓர் இழப்பும் உண்டு. மலாயில் 'கெபங்சாஆன்' என்பதும் தமிழில் 'தேசிய'தான்: தேசிய மொழி, தேசியப் பள்ளி, தேசிய வகைத் தமிழ்ப்பள்ளி. அதன் அடிச்சொல்லான 'பங்சா' வம்சம் என்னும் வடசொல்லின் வழிவந்தது, மக்களினத்தைக் குறிப்பது. நெகாரா ஆட்சியமைப்பைக் குறிப்பது. இனம் சார்ந்ததும் அமைப்பு சார்ந்ததும் தமிழில் ஒரே அடைக்குள் கலந்துவிடுகின்றன. பல இனத்தவர் ஒரே குடியுரிமையின்கீழ் வாழும் நாட்டில் இவ்வேறுபாடு சிறியதன்று. ஆயினும் இதற்கு மாற்றுச்சொல் படைப்பதைவிட, வேறுபாட்டை விளக்கிச் சொல்வதே போதும் எனத் தோன்றுகிறது.

அரசும் அரசாங்கமும்

மிகுந்த கவனம் வேண்டுவது இவ்விணையே. பழந்தமிழில் 'அரசு' என்பது பெரும்பாலும் அரசனையே குறித்தது. மானம் உடையது அரசு என்ற கருத்தமைந்த குறளில் (384) அச்சொல் ஆளையே சுட்டுகிறது. மலாயில் இதற்கு ஒப்பானது 'கெராஜாஆன்'. ஆந்தனி மில்னர் 1982இல் வெளியிட்ட ஆய்வில், குடியேற்ற ஆட்சிக்கு முந்தைய மலாய் அரசியலில் இச்சொல் 'ராஜாவை உடையராயிருக்கும் நிலை' என்றே பொருள்பட்டது என்று காட்டினார். இன்று கெராஜாஆன் என்றால் அரசாங்கம். ஆளிலிருந்து நிலைக்கு, நிலையிலிருந்து நிறுவனத்திற்கு என இரு மொழிகளிலும் பொருள் ஏறக்குறைய ஒரே வழியில் நகர்ந்திருக்கிறது.

தமிழ்நாட்டு வழக்கில் 'அரசு' இரண்டு பொருளுக்கும் உரியதாகிவிட்டது. தேர்தலில் வென்று வருவதும் அரசு. தேர்தல்கள் வந்துபோனாலும் மாறாதிருப்பதும் அரசு. இந்திய அரசியலமைப்பின் 1ஆம் பிரிவில் ஒன்றியத்தின் உறுப்புகளையும் 12ஆம் பிரிவில் மத்திய, மாநில ஆட்சிகள், சட்டமன்றங்கள், உள்ளாட்சிகள் அனைத்தையும் உள்ளடக்கிய அதிகார அமைப்பையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் சுட்டுகிறது. தமிழ் அதனை 'மாநிலம்' என்றும் 'அரசு' என்றும் பிரித்துக் கொள்வதால் அங்கே மூலத்தைவிடத் தெளிவாக இருக்கிறது. அந்தத் தெளிவு அரசுக்கும் அரசாங்கத்துக்கும் இடையே தமிழ்நாட்டில் இல்லை.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழுக்கு இங்கே ஒரு நல்வாய்ப்பு உண்டு. நாம் அன்றாட ஆட்சியைக் குறிக்க 'அரசாங்கம்' என்ற சொல்லையே பெரிதும் வழங்குகிறோம். அச்சொல்லின் பகுப்பே (அரசு, அங்கம்) அது முழுமையன்று, ஓர் உறுப்பு என்று சொல்கிறது. எனவே 'அரசு' என்பதை நிலையான அமைப்புக்கு ஒதுக்கி, 'அரசாங்கம்' என்பதை மாறிவரும் ஆட்சிக்கு வைத்துக்கொள்ள நம் வழக்கு ஏற்கெனவே இடந்தந்திருக்கிறது. கூட்டரசு, குடியரசு ஆகிய கூட்டுச்சொற்களிலும் 'அரசு' அமைப்பையே குறிக்கிறது. இந்தியத் தமிழில் 'கூட்டாட்சி' என்பதை நாம் 'கூட்டரசு' என்பதும் இதனோடு ஒத்துப்போகிறது. ஒன்று மட்டும் ஒத்துப்போகவில்லை. ஐந்தாண்டுக்கொருமுறை ஆட்சியாளர்களால் தேர்ந்தெடுக்கப்படும் மாமன்னரை நாம் 'பேரரசர்' என்றும் அழைக்கிறோம். ஆனால் மலேசியாவைப் பேரரசு என்று எவரும் சொல்வதில்லை.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாய்வன்று என்பதை ஒரு சட்டத்தின் பெயர் காட்டும். மலேசியாவின் 1948ஆம் ஆண்டுச் சட்டமொன்றினை நம் நாளேடுகள் 'தேச நிந்தனைச் சட்டம்' என்று எழுதுகின்றன. மலாயில் அதன் பெயர் அக்தா ஹசுத்தான். ஹசுத்தான் என்றால் தூண்டிவிடுதல். அப்பெயரில் தேசமும் இல்லை, நாடும் இல்லை. சட்டத்தின் வாசகம் முதற்கண் குறிப்பிடுவது ஆட்சியாளர் மீதும் அரசாங்கத்தின் மீதும் வெறுப்பையோ அவமதிப்பையோ தூண்டுவதை. அரசாங்கத்தின் பிழைகளைச் சுட்டிக்காட்டுவது அக்குற்றத்தில் அடங்காது என்றும் அதே சட்டம் கூறுகிறது. தமிழ்ப்பெயரைப் படிப்பவர் மனத்திலோ, குற்றஞ்சாட்டப்பட்டவர் தாம் பிறந்த மண்ணையே பழித்தார் என்ற எண்ணம் வழக்கு தொடங்குமுன்பே பதிந்துவிடுகிறது. சிங்கப்பூரில் இதற்கு இணையான சட்டத்தை நீக்கும் மசோதா 2021 அக்டோபரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

இந்தியாவில் இந்நகர்வின் வரலாறு நீண்டது. 1908இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124அ பிரிவின்கீழ்த் தண்டிக்கப்பட்டபோது, அக்குற்றத்திற்குத் தமிழில் வழங்கிய பெயர் இராஜத்துரோகம். பொருத்தமான பெயர்தான், பிரிவின் வாசகம் முடியாட்சியையும் சட்டப்படி நிறுவப்பட்ட அரசாங்கத்தையுமே குறித்தது. மக்கள் அவரைத் தேசபக்தர் என்றனர். இராஜத்துரோகியும் தேசபக்தரும் ஒருவரே என்பதில் அன்றைய தமிழருக்கு எந்த முரணும் தோன்றவில்லை. இரு சொற்களும் இரு வேறு பொருள்களைச் சுட்டின. விடுதலைக்குப் பின் அதே பிரிவின்கீழ்த் தொடரப்பட்ட வழக்குகளைத் தமிழ் இதழ்கள் 'தேசத்துரோக வழக்கு' என எழுதத் தொடங்கின. சட்டத்தின் வாசகத்தில் அரசாங்கம் அரசாங்கமாகவே இருந்தது. பெயர் மட்டும் தேசத்துக்கு ஏறியது. உச்சநீதிமன்றம் 2022 மே மாதத்தில் அப்பிரிவின் செயல்பாட்டை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 152ஆம் பிரிவு அரசாங்கத்தை விடுத்து, இந்தியாவின் இறையாண்மை, ஒற்றுமை, ஒருமைப்பாடு ஆகியவற்றுக்கு ஊறு செய்வதைக் குற்றமாக்குகிறது. மொழிவழக்கு முன்னே சென்ற பாதையில் சட்டம் பின்னே வந்ததைப் போன்ற தோற்றம் இதற்கு உண்டு.

ஒருமித்த நாடா, ஒற்றையாட்சி அரசா?

சொல் தேர்வே அரசியற் பிணக்காக மாறிய நிகழ்வு இலங்கையில் உண்டு. 1972, 1978 ஆகிய ஆண்டுகளின் அரசியல் யாப்புகள் இரண்டும் இலங்கையை ஒற்றையாட்சியாக வரையறுத்தன. (அரசியலமைப்புக்கு 'யாப்பு' என்று பெயரிட்ட ஈழத்தமிழ் வழக்கின் அழகைப் பாராட்டாமல் இருக்கமுடியவில்லை.) இறையாண்மை என்று நாம் எழுதும் இடத்தில் அங்கே 'இறைமை' வழங்கும். இரண்டிலும் 'இறை' என்பது தலைவனையும் குறிக்கும், அவனுக்குச் செலுத்தும் வரியையும் குறிக்கும்.

புதிய யாப்புக்கான வழிப்படுத்தும் குழுவின் இடைக்கால அறிக்கை 2017 செப்டம்பரில் வெளியிடப்பட்டது. அது இலங்கையைச் சிங்களத்தில் 'ஏக்கிய ராஜ்ய' என்றும், தமிழில் 'ஒருமித்த நாடு' என்றும் குறிப்பிட முன்மொழிந்தது. ஆங்கிலப் பாடத்திலும் இவ்விரு தொடர்களையே ஒலிபெயர்த்து வைத்தது. ஒற்றையாட்சியைக் குறிக்கும் ஆங்கிலத் தொடர் பிரிட்டனிலேயே பொருள் மாறிவருகிறது, அங்கே ஸ்கொட்லாந்தும் வட அயர்லாந்தும் ஒன்றியத்திலிருந்து விலக வழியிருக்கிறது, ஆகவே அத்தொடர் இலங்கைக்கு ஒவ்வாது என்று அறிக்கை காரணம் கூறியது. பிரிக்கப்படாத, பிரிக்கமுடியாத ஒன்று என்பதே இரு தொடர்களுக்கும் அது தந்த வரைவிலக்கணம்.

ஆனால் சொற்கள் வரைவிலக்கணத்திற்குள் அடங்கி இருக்கவில்லை. சிங்களத் தொடரிலுள்ள 'ராஜ்ய' ஆட்சியைச் சுட்டுகிறது. 'ஏக்கிய' முந்தைய யாப்பில் ஒற்றையாட்சிக்கு வழங்கிய அதே அடை. தமிழ்த் தொடரிலுள்ள 'நாடு' நிலத்தைச் சுட்டுகிறது. 'ஒருமித்த' என்பதில் பலர் மனமொத்துச் சேர்ந்த குறிப்பு இருக்கிறது. ஒற்றை ஆட்சி வேறு, ஒன்றுபட்ட நிலம் வேறு. சிங்களத் தரப்பில் ஒரு சாரார், தமிழ்த் தொடர் கூட்டாட்சிக்குக் கதவு திறக்கிறது என்றனர். தமிழ்த் தரப்பில் ஒரு சாரார், சிங்களத்தில் எதுவும் மாறாதபோது தமிழில் மட்டும் இனிய சொல் எதற்கு என்றனர். இருவரும் தத்தம் மொழியில் சரியாகவே படித்தனர் என்பதுதான் இதில் வியப்பு. அம்முயற்சி யாப்பாக நிறைவேறவில்லை. 1978ஆம் ஆண்டின் யாப்பே தொடர்ந்தது.

ஐக்கிய நாடுகள், ஐக்கிய அமெரிக்க நாடுகள் என்ற இரண்டு பெயர்களையும் அடுத்தடுத்து எழுதிக்காட்டி, முதலாவதில் இறையாண்மையுள்ளவையும் இரண்டாவதில் நாம் மாநிலங்கள் என்றழைக்கும் ஐம்பதும் ஒரே 'நாடுகள்' என்ற சொல்லால் குறிக்கப்படுவது எவ்வாறு என்று உயர்நிலை வகுப்பில் கேட்டுப் பார்க்கலாம். இலங்கைத் தமிழில் பிந்தியதை ஐக்கிய அமெரிக்க இராச்சியம் என்று எழுதும் வழக்கும் உண்டு என்பதையும் உடன் சொன்னால், விவாதம் ஒரு பாடவேளைக்குள் முடியாது.